பின்திரைக்குள் ஒரு மைக்

12 நவம்பர் 2024, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மக்காச்சோளப் பரப்பைச் சரிபார்க்க வேப்பந்தட்டைப் பக்கம் போயிருக்க வேண்டும். ஜீப் வரவில்லை. புள்ளியியல் அலுவலகத்திலேயே உட்கார்ந்து போன வருடத்து மகசூல் அட்டவணையில் இரண்டு தவறுகளைக் கண்டுபிடித்தேன். இரண்டும் நான் செய்தவை.

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"மேடம், அரியலூர் ராஜராஜன். லைம்ஸ்டோன் ராஜராஜன்."

கடைசியாக அவனைப் பார்த்து முப்பது வருடம் ஆகியிருக்கும். நாங்கள் படித்த பள்ளிக்கு ஐம்பது வயதாகிறதாம். பொங்கல் லீவில் விழா. பள்ளி நாட்களில் நாங்கள் வைத்திருந்த ராக் குழுவை மறுபடி மேடையேற்றப் போகிறானாம்.

"யாரு பாடறது?"

"அதான் மேடம் விசேஷமே. தமிழ்மாறனே பாடப் போறான்."

தமிழ்மாறன் கொரோனாவில் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

அப்போது ஆண்டு விழாவில் பதிந்த பழைய கேசட்டைச் சென்னையில் கொடுத்து, குரலை மட்டும் தனியாகப் பிரித்து வாங்கியிருக்கிறானாம். குரல் ஸ்பீக்கரில் வரும், இவர்கள் மேடையில் வாசிப்பார்கள், தமிழ்மாறனின் மகள் கூடவே பாடுவாள்.

"நீங்களும் வரணும். பாட்டெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருந்தது நீங்கதானே."

பார்க்கலாம் என்றேன்.

அந்தக் கேசட்டில் பாடுவது நான்.

13 நவம்பர், புதன்

வேலை ஓடவில்லை. எழுதிவிட்டால் தேவலை.

1994. அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பை ஒட்டிய பள்ளி. பிளஸ் டூ. அப்பா ஆலையில் கிளார்க். ராஜராஜன் ஓர் இன்ஜினீயரின் மகன். பெங்களூர் சித்தப்பா வீட்டிலிருந்து அவனுக்கு இங்கிலீஷ் பாட்டுக் கேசட்டுகளும் ஒரு கிடாரும் வந்திருந்தன. மூன்று கார்டு வாசிக்கத் தெரியும். ஆசிப் லெப்பைக்குடிகாட்டுப் பையன். அரியலூரில் மாமா கடையில் தங்கிப் படித்தான். அணிவகுப்புக்கு அடிக்கும் டிரம்களை பெஞ்சில் கட்டிவைத்து அடிப்பான். பாட ஆள் இல்லை.

எனக்குக் கனத்த குரல். பிரேயர் பாடும் வரிசையிலிருந்து டீச்சர் என்னை இழுத்து வெளியே நிறுத்தினார். "உன் தொண்டைக்குள்ள எவன்டி ஆம்பளை உக்காந்திருக்கான்?" எல்லாரும் சிரித்தார்கள். ஆசிப் சிரிக்கவில்லை. சாயங்காலம் வந்து கேட்டான்: "அந்த ஆம்பளையை எங்ககிட்ட அனுப்புறியா சுதா?"

குவாரியில் வெடி வைப்பதையும் இரவு வேலைக்குப் போகிறவர்களையும் வைத்து ஒரு பாட்டு எழுதினேன். 'மூணாம் ஷிப்ட்'. மெட்டு நானும் ராஜராஜனும் போட்டது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல், அதனால் குழுவுக்கு லைம்ஸ்டோன் என்று பெயர்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்: பையன்களோடு மேடையில் ஒரு பொண்ணு நின்று கத்தக் கூடாது. அதனால் பின்திரைக்குப் பின்னால், மைக்கோடு, நான். முன்னால் நின்று வாயசைக்கத் தமிழ்மாறன். அவனுக்குப் பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, நிற்கத் தெரியும். பள்ளியிலேயே அழகன்.

பாட்டு முடிந்ததும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். நான் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு வந்த ஆலை அதிகாரி ஒருவர் அவனைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். பிளஸ் டூ முடிந்ததும் அங்கேயே வேலை, மனமகிழ் மன்றத்தில். பாடச் சொன்னால் என்ன செய்வான்? டைஃபாய்டில் தொண்டை போய்விட்டது என்று ஒரு கதை கட்டினான். அதையும் நம்பினார்கள்.

98இல் திருச்சி பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்தான். நான் எம்.எஸ்சி. புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதே கிசுகிசுவென்று பேசப் பழகியிருந்தான். "யார்கிட்டயும் சொல்லிடாத சுதா. வேலை போயிடும்." சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவில்லை. கல்யாணமான பிறகு வீட்டுக்காரரிடம்கூட.

இன்னொன்று. திரைக்குப் பின்னால் நின்று பாடும் யோசனை என்னுடையது. இதை இன்றுவரை எங்கும் எழுதியதில்லை.

24 நவம்பர், ஞாயிறு

தமிழ்மாறனின் மகள் இலக்கியா வந்தாள், பாட்டைப் பற்றிக் கேட்க. இருபத்திரண்டு வயது. ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. அரியலூரிலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு பை கொய்யாப்பழத்தோடு.

"அப்பா எப்பவுமே ரகசியம் சொல்ற மாதிரிதான் பேசுவாரு ஆன்ட்டி. கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நான் சைக்கிள்லேருந்து விழுந்தப்பகூட கூப்புடல, ஓடித்தான் வந்தாரு. அந்தப் பாட்டு ஒண்ணுலதான் அவரோட முழுக்குரல் இருக்கு."

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறிய பிறகும்.

"ரெண்டாவது சரணத்துல ஒரு வரி நீளமா வருது. எனக்கு மூச்சு பத்தல. அப்பா எப்படித்தான் பாடினாரோ."

"நடுவுல டிரம்ஸ் ஒண்ணு பலமா விழும். அந்தச் சத்தத்துக்குள்ள மூச்சை எடுத்துடணும். யாருக்கும் கேக்காது."

அவள் கண்கள் விரிந்தன. "அப்பா சொன்னாரா?"

"ஆமா."

பாடிக் காட்டினாள். சரியாக வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

25 நவம்பர்

ஏன் ஆமாம் என்றேன்?

15 டிசம்பர், ஞாயிறு

நான்கு நாள் மழை விட்டது. தபாலில் அழைப்பிதழ், பளபளப்பான தாளில்.

'லைம்ஸ்டோன் இசைக்குழு. குரல்: அமரர் தமிழ்மாறன். பாடல், மெட்டு, கிடார்: ராஜராஜன். டிரம்ஸ்: ஆசிப்.' நன்றாகப் பாடும் மாணவருக்கு இந்த ஆண்டு முதல் தமிழ்மாறன் நினைவுப் பரிசு. கடைசியில், பொடி எழுத்தில், நன்றிப் பட்டியல். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், அவர்களுக்கு அடுத்து: 'கையெழுத்து உதவி: திருமதி ஜெயசுதா பாலசுந்தரம்.'

போன் செய்தேன்.

"கையெழுத்து உதவின்னா என்ன ராஜா?"

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமே மேடம்."

"பாட்டு யாரு எழுதினது?"

"எல்லாருமாச் சேந்துதான். யாரு எதை எழுதினோம்னு இப்ப யாருக்கு ஞாபகம்?"

"பாடினது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் பின்னால் லாரி ஹாரன் கேட்டது. அவனுக்கு எட்டு லாரி ஓடுகிறதாம், ஆலைக்குக் கல் ஏற்ற. அடுத்து அவன் பேசியபோது மேடம் போய்விட்டது.

"சுதா, செத்தவன் மேல உனக்கு என்ன கோவம்?"

"செத்தவன் மேல இல்ல. நீ உசுரோடதானே இருக்கே."

"அந்தப் பொண்ணை நினைச்சுப் பாரு. அப்பன்னு அதுக்கு மிச்சம் அந்தக் குரல் ஒண்ணுதான். உனக்கு என்ன கொறச்சல்? கவர்மென்ட் வேலை, புருஷன், சொந்த வூடு—"

வைத்துவிட்டேன்.

என்ன குறைச்சல். சரியான கேள்விதான். மேடை வேண்டாம். பரிசுக்கு என் பெயர் வேண்டாம். ஒரே ஒரு ஆள், என் முகத்தைப் பார்த்து, அது நீதான் என்று சொன்னால் போதும். பைத்தியம் மாதிரி இருக்கே. நாப்பத்தேழு வயசுல இதெல்லாம் ஒரு ஆசையா? இருக்கு. என்ன பண்ண.

தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் செத்துவிட்டான். ஒருவன் அழைப்பிதழ் அடித்துவிட்டான். ஆசிப் துபாயிலிருந்து வந்திருக்கிறானாம், இன்னும் பேசவில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

அரியலூர் போனேன். சொல்லிவிட்டேன்.

தமிழ்மாறன் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம். அதன் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில் அந்தக் கேசட். சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி இரண்டு செவ்வந்திப்பூ.

இலக்கியாவிடம் முதலில் மூச்சு எடுப்பதைப் பற்றி நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். பிறகு மற்றதை. வரிசையாக, அறிக்கை வாசிப்பது போல. முடித்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அது ஆம்பளை குரல் ஆன்ட்டி."

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"பாடிக் காட்டுங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். கணக்குப் போடுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. முதல் வரியைத் தொடங்கினேன். நான்கு சொல் வந்தது. ஐந்தாவதில் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். இருமல். முப்பது வருடமாகப் பாடாத தொண்டை.

உள்ளேயிருந்து அவள் அம்மா மஞ்சு கேட்டார்: "யாருடி அது இருமுறது?"

"ஒண்ணுமில்லம்மா." இலக்கியா தண்ணீர் கொண்டு வந்தாள். "குடிங்க ஆன்ட்டி. மெதுவா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

24 டிசம்பர், செவ்வாய்

இலக்கியாவின் வாட்சாப்:

'ராஜராஜன் அங்கிள்கிட்ட கேட்டேன். ஆசிப் அங்கிள்கிட்டயும் கேட்டேன். ரெண்டு பேருமே நீங்க பாடலன்னுதான் சொன்னாங்க. எங்கப்பா உங்களுக்கு என்ன பண்ணாருன்னு தெரியல மேடம். ஆதாரம் இல்லாம இறந்தவங்களைப் பத்திப் பேசாதீங்க. இனிமே எங்களைத் தேடி வராதீங்க.'

ஆன்ட்டி இப்போது மேடம்.

ஆசிப்புமா?

3 ஜனவரி 2025, வெள்ளி

ஆசிப் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். ஜும்மா தொழுகை முடித்து நேராக. தாடி வெளுத்திருக்கிறது. பார்வையாளர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தான்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணப்ப ராஜா பக்கத்துலயே இருந்தான் சுதா. ஸ்பீக்கர்ல போட்டுட்டான். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தான்."

"அதுக்காகப் பொய் சொன்னியா?"

"ஆமான்னு சொன்னா அந்தப் புள்ள அழும். இல்லன்னு சொன்னா நீ அழ மாட்டேன்னு நினைச்சேன்."

"நான் அழலை."

"தெரியும். அதான் தூங்க முடியல."

ஜிப் வைத்த சின்னப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசையில் வைத்தான். விழாவுக்கு முதல் நாள் ஒத்திகையில் அவன் மாமா கடை டேப் ரெக்கார்டரில் பதிந்தது. இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவன் அக்கா ஜரீனா பெட்டியில் துணிகளுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாராம்.

"அமானிதம்னு சொல்லுவோம் நாங்க. அடுத்தவங்க பொருள் நம்ம கையில இருந்தா அதைக் கொடுத்துடணும். கொடுக்காம மௌத்தானா மறுமையில பதில் சொல்லணும். இது உன்னோடது. நீ என்ன வேணா பண்ணிக்க."

"அவகிட்ட நீயே சொல்லலாமே."

தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தான். போயிட்டு வரேன் சுதா என்று போய்விட்டான்.

எனக்காகச் சாட்சி சொல்ல ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான் வருகிறது.

6 ஜனவரி, திங்கள்

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கல்யாண வீடியோ கேசட்டைப் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுக்கும் கடை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டேன்.

ஆறு நிமிடம். நாற்காலி இழுபடும் சத்தம், ராஜராஜன் கிடாரைச் சுருதி சேர்க்கிறான், சேரவில்லை. அப்புறம் நான். பேசுகிறேன்:

"தமிழு, நீ வாயைச் சீக்கிரம் மூடிடறே. நான் இன்னும் இழுத்துக்கிட்டிருக்கேன். என்னைப் பாத்துக்கிட்டே அசை."

தமிழ்மாறன் பதிலுக்கு என்னவோ சொல்லிச் சிரிக்கிறான். பிறகு பாட்டு. பேசிய அதே குரல்தான் பாடுகிறது. சந்தேகப்பட இடமே இல்லை. பதினேழு வயது. எவ்வளவு தைரியமாகப் பாடுகிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம்.

மூன்று முறை கேட்டேன். என் பேச்சையும் என் பாட்டையும். கடைக்காரர், "பழைய லவ்வா மேடம்?" என்று சிரித்தார். பென்டிரைவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

8 ஜனவரி

அனுப்பக் கூடாது. அவளுக்கு இருக்கிறது அது ஒன்றுதான்.

எனக்கு? எனக்கு எத்தனை இருக்கிறதாம்?

9 ஜனவரி, வியாழன்

அனுப்பிவிட்டேன். 'நீ கேட்ட ஆதாரம்' என்று மட்டும் எழுதினேன். பதினோரு நிமிடத்தில் இரண்டு நீலக் குறி.

பதில் இல்லை.

18 ஜனவரி, சனி

விழா. போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது எழுதுவது பொய். போகத்தான் ஆசைப்பட்டேன்.

வீட்டுக்காரரும் வந்தார். வங்கியில் லீவு போட்டிருந்தார், சும்மா இருக்க முடியாத மனிதர். மைதானம் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. மேடையில் எல்.இ.டி. திரை. இலக்கியா வரவில்லை, மஞ்சுவும் வரவில்லை. ஆசிப் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்தபடி இருந்தான்.

ராஜராஜன் மைக்கைப் பிடித்தான். உடம்பு சரியில்லாததால் தமிழ்மாறனின் மகள் வர இயலவில்லை, ஆனால் தமிழ்மாறனே வந்திருக்கிறான் என்றான். குரல் தழுதழுத்தது. நடிப்பா என்று பார்த்தேன். இல்லை. அவனே நம்பிவிட்டிருக்கிறான்.

திரையில் தமிழ்மாறனின் முகம், பத்து அடி உயரத்துக்கு. ஸ்பீக்கரில் என் குரல்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், என் வகுப்புத்தான், பெயர் மறந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செல்போன்களை உயர்த்தி வெளிச்சம் காட்டினார்கள். ஒரு இடத்தில் ஆசிப் வேண்டுமென்றே பலமாக அடித்தான் — மூச்சு எடுக்கிற இடத்தில். அப்போது மட்டும் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். "என்ன குரல் இந்த ஆளுக்கு. பாவம், போயிட்டான்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். "அந்தப் பாட்டு நான் பாடினது." கண்டக்டரிடம் சில்லறை வாங்கி எண்ணிப் பையில் போட்டார். பேரளி தாண்டியதும் கேட்டார்:

"அப்ப உனக்குச் சளி புடிச்சிருந்துச்சா?"

இல்லை என்றேன். சன்னலைச் சாத்தினார். குளிர் காற்று எனக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும்.

20 ஜனவரி

ராஜராஜனின் செய்தி: 'அந்தப் பொண்ணு வரல. திருப்தியா?'

அழித்துவிட்டேன்.

27 பிப்ரவரி, வியாழன்

களரம்பட்டியில் மக்காச்சோள அறுவடைப் பரிசோதனை. வயலில் கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, அதற்குள் இருக்கும் கதிர்களை மட்டும் ஒடித்து எடை போட வேண்டும். கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தபோது போன் அடித்தது. இலக்கியா. வரப்பில் உட்கார்ந்தேன்.

"மேடம், வேலையா இருக்கீங்களா?"

"சொல்லு."

"நீங்க அனுப்புனதை ஒரு மாசமா நான் முழுசாக் கேக்கல. ஆரம்பத்துல நீங்க பேசற வரைக்கும் கேட்டுட்டு நிறுத்திட்டேன். அதுக்கே ரெண்டு நாள் சாப்புடல. போன வாரம் அம்மாதான் முழுசாப் போடுன்னாங்க. போட்டோம். அப்பா பேசறாரு மேடம் அதுல. உங்களுக்கு அடுத்து."

"ஆமா. என்னவோ சொல்லிச் சிரிப்பான்."

"என்னவோ இல்ல. 'டேய் ராஜா, கொளத்து மீனு மாதிரி நான் வாயைத் தொறந்து தொறந்து மூடணுமாடா? எங்காத்தா பாத்தா வெளக்கமாத்தாலயே சாத்தும்டா'ங்கறாரு. கத்திச் சொல்றாரு. சொல்லிட்டு அப்படிச் சிரிக்கிறாரு."

கயிற்று முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா அவர்கூட இருபது வருசம் இருந்துச்சு. அவரு கத்தி ஒரு தடவை கேட்டதில்லையாம். சாவுற வரைக்கும் ஆஸ்பத்திரியில எங்கிட்ட ரகசியம் மாதிரித்தான் பேசினாரு மேடம். நல்லாத்தான் இருந்திருக்கு தொண்டை. எங்களுக்காவது கத்தியிருக்கலாம்ல."

அவள் அழுதாளா தெரியவில்லை. வயலில் காற்று பலமாக இருந்தது.

"அப்பா பேசற அந்தப் பதினோரு செகண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன். மத்ததை அழிச்சிட்டேன். அந்தப் பழைய கேசட்டையும் படத்துக்குக் கீழேருந்து எடுத்துட்டோம். பாட்டு எங்களுக்கு வேண்டாம். தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்ல."

"நீங்கதான் பாடினீங்க. அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன். வச்சிடவா மேடம்?"

வைத்துவிட்டாள். உதவியாளர் மறுமுனையிலிருந்து, "மேடம், கயிறு தொய்யுது" என்றார். இழுத்துப் பிடித்தேன். கதிர்களை எடை போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டுக்கு வந்து பென்டிரைவைப் போட்டேன். நான் பேசுவதைத் தள்ளிவிட்டு அவன் பேசும் இடத்துக்குப் போனேன். அவள் சொன்னபடியேதான் இருக்கிறது. கத்துகிறான், சிரிக்கிறான், சிரித்து முடிக்கும்போது புரையேறுகிறது. நானும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறேன்.

இன்னொரு முறை கேட்டேன். பாட்டு வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.